மணிக்கட்டு முறிவு, வேறொன்றுமில்லை

வெள்ளி இரவு யோரிட்டைக் கொண்டுவந்தார்கள்.
தரை ஓடு பதிப்பவன். மாடிப்படியில் சறுக்கி
வலது மணிக்கட்டு இரண்டாகியிருந்தது.
படிவத்தை விரித்தேன்.
குடி? எப்போதாவது.
புகை? விட்டாயிற்று.
போதைப்பொருள்?
ஒரு கணம் கூரையைப் பார்த்தான்.
இல்லை என்றான்.
இல்லை என்று எழுதினேன்.
ரோசெண்டாலில் அன்று விடாத மழை.
வராந்தாவில் இன்னும் ஏழு பேர்.

பதினொன்றுக்கு அவன் கைபேசி கத்தியது,
வாத்தின் குரலில்.
என் பை வேண்டும் என்றான்.
காலையில் அறுவை; பையும் சட்டையும்
கீழ்த்தளத்தில் பூட்டியாயிற்று என்றாள் மார்லூஸ்.
ஒரு மணிக்கு மீண்டும் வாத்து.
பக்கத்துக் கட்டில் ஹொஃப்லாண்ட் சபித்தார்.
மூன்று மணிக்கு மார்லூஸ் அதன் வாயை அடைத்தாள்.

அன்றிரவு அந்த வார்டில்
நோயை உரக்கச் சொன்னது அது ஒன்றுதான்.

நாலரைக்கு வியர்வையில் படுக்கை ஊறிவிட்டது.
ஐந்துக்கு எழுந்து நின்று
ஓடெல்லாம் கோணல், எவன் பதித்தான் இதை என்று
உடைந்த கையால் சுவரைப் பெயர்க்கத் தொடங்கினான்.
சுவரில் ஓடே இல்லை. வெறும் பெயிண்ட்.
குடியை நிறுத்திய நடுக்கம் என்றேன் நான்,
ஈரல் கண்ணாடிபோல் இருந்தும்.
மனச்சிதைவு என்றார் தொலைபேசியில் ஒருவர்
தூக்கம் கலையாத குரலில்.
சிறுநீர்ப் பட்டையில் ஐந்து சன்னல்கள்.
ஒன்றிலும் யாரும் எட்டிப்பார்க்கவில்லை.
நமக்குப் பெயர் தெரிந்தவர்களை மட்டுமே
அந்த வீட்டில் கூப்பிட முடியும்.
நான்கு காவலர்கள் வந்து கட்டினார்கள்.
அவன் அம்மாவைக் கூப்பிடவில்லை,
மணி என்ன, மணி என்ன என்றே கேட்டுக்கொண்டிருந்தான்.
நான் சொல்லவும் செய்தேன். ஐந்து நாற்பது என்றேன்.
வேறென்ன கேட்கிறான் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஏழரைக்கு எஸ்மே வந்தாள்,
பேக்கரிச் சீருடையில், முழங்கையில் மாவுடன்.
கடைசியாக எப்போது எடுத்தான் என்றாள்.
எதை என்றேன்.
என்னை அவள் பார்த்த பார்வையை
பதினைந்து வருட அனுபவம் என்ற வரிக்குப் பக்கத்தில்
ஒட்டி வைத்திருக்கிறேன்.

பையில் பயண அளவு ஷாம்பூ பாட்டில்.
நிறமில்லை. நுரையில்லை.
முதலில் சனிக்கிழமை மட்டும், நடனத்துக்கு.
பிறகு ஞாயிறு, தூங்குவதற்கு.
திங்கட்கிழமைக்குக் காரணம் தேவைப்படவில்லை.
இப்போது இரண்டு மணிக்கு ஒரு மூடி,
நள்ளிரவிலும், வேலையிடத்திலும்.
"அந்த வாத்தால் எனக்கும் தூக்கம் போய்
இரண்டு வருஷம்" என்றாள்.

போதைமீட்பு மையத்தை அழைத்தேன்.
மறுமுனைப் பெண் ரத்த அளவு கேட்கவில்லை.
இரவில் எழுகிறானா என்றாள்.
ஜிஹெச்பி அரை நாளில் உடம்பைக் காலி செய்துவிடும்,
உங்கள் பட்டைக்கு அது ஊரைவிட்டுப் போன ஆள்;
விட்ட சில மணி நேரத்தில் இப்படித்தான் வரும்,
உடனே தீவிரப் பிரிவுக்கு மாற்றுங்கள், நான் வருகிறேன்.
கையுறைப் பெட்டியின் முதுகில் எழுதிக்கொண்டேன்.
என் எழுத்து எனக்கே கோணலாகத் தெரிந்தது.

ஒன்பதாம் நாள் யோரிட் கஞ்சி குடித்தான்.
"பொய் சொல்லவில்லை டாக்டர்.
போதைப்பொருள் என்றால் ஊசி, பொட்டலம்,
ஸ்டேஷனுக்குப் பின்னால் நிற்பவர்கள்.
நான் வேலைக்குப் போகிறவன்."
படிவத்தைக் கேட்டு வாங்கி
இடது கையால், முதல் வகுப்பு எழுத்தில்,
ஓரத்தில் ஒரு கேள்வி எழுதிக் கொடுத்தான்:
கைபேசியில் எத்தனை அலாரம்?

படிவக் குழு இன்னும் ஒப்பவில்லை.
மருத்துவச் சொல் அல்ல என்கிறார்கள்.
நான் எல்லோரிடமும் கேட்கிறேன்.
நேற்று இடுப்பெலும்பு முறிந்து வந்த கணக்காளர்,
அறுபத்திரண்டு வயது, முத்துத் தோடு,
இரண்டு என்றார்.
ஒன்று பூனையின் இன்சுலினுக்கு.
மற்றது என்றேன்.
அவர் கூரையைப் பார்த்தார்.

வராந்தாவில் பதினொரு பேர் இருந்தார்கள்.
நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.